கோவிந்தப்ப வெங்கடசாமி

கோவிந்தப்ப வெங்கடசாமி (அக்டோபர் 1, 1918 – ஜூலை 7, 2006) தமிழகத்தைச் சேர்ந்த கண் மருத்துவர். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவியவர். டாக்டர் வி என்று பரவலாக அறியப்பட்டவர். கண்புரை அறுவைக்குப் பின் தடித்த மூக்குக் கண்ணாடியை நம்பி வாழ வேண்டியிருந்த ஏழை மக்களுக்கு, கண்ணுக்குள்ளேயே பொருத்தப்படும் வில்லை குறைந்த விலையில் கிடைக்க வழி செய்தவர்களுள் இவர் முதன்மையானவர் ஆவார்.

பிறப்பும் கல்வியும்

வெங்கடசாமி எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரம் என்னும் சிற்றூரில் உழவர் குடும்பத்தில் பிறந்தார். உடன்பிறந்தோர் ஐவருள் இவரே மூத்தவர். ஊரில் தாளும் எழுதுகோலும் அரிதாக இருந்தமையால் மணலில் எழுதிப் பயின்றார். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் படித்து 1938ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். பின்னர் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று 1944ஆம் ஆண்டு மருத்துவரானார். இளமையில் உறவுப் பெண்கள் மகப்பேற்றின்போது இறந்ததைக் கண்டதனால் மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்பதே இவரது விருப்பமாக இருந்தது.

நோயும் கண் மருத்துவமும்

மருத்துவப் படிப்பை முடித்தபின் இராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். கடுமையான முடக்குவாதம் தாக்கியதால் 1948ஆம் ஆண்டு அப்பணியிலிருந்து விலக நேர்ந்தது. நெடுங்காலம் படுக்கையில் கிடந்தார். கைவிரல்கள் கோணி நிலையாக முடங்கின. மகப்பேறு மருத்துவம் இனி இயலாது என்ற நிலையில் கண் மருத்துவத்தைத் தேர்ந்தெடுத்தார். முடங்கிய விரல்களைக் கொண்டே அறுவைக் கத்தியைப் பிடிக்கப் பழகினார். 1956ஆம் ஆண்டு மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைத் தலைவராகப் பொறுப்பேற்று, ஓய்வு பெறும்வரை அங்கேயே பணியாற்றினார். தம் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

மூக்குக் கண்ணாடியும் கண்புரையும்

மூக்குக் கண்ணாடி 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியில் தோன்றியது. முதுமையில் அருகிலுள்ள எழுத்து தெரியாத வெள்ளெழுத்துக் குறைக்கு அதன் குவிவில்லைகள் உதவின. கிட்டப்பார்வைக்கான குழிவில்லைகள் 15ஆம் நூற்றாண்டில் வழக்கத்துக்கு வந்தன. காதுகளில் தாங்கும் கைகள் 18ஆம் நூற்றாண்டில் இணைக்கப்பட்டன. அந்நூற்றாண்டிலேயே பெஞ்சமின் பிராங்கிளின் தொலைவுக்கும் அருகுக்குமான வில்லைகளை ஒரே சட்டத்தில் அமைத்தார்.

கண்புரை என்பது கண்ணின் இயற்கை வில்லை ஒளி புகாதவாறு மங்கிப்போவதாகும். அவ்வில்லையை அகற்றும் அறுவை 18ஆம் நூற்றாண்டில் பிரான்சில் உருவானது. வில்லையை இழந்த கண் ஒளியைப் போதிய அளவு குவிக்க இயலாது. எனவே அறுவை செய்துகொண்டவர் ஏறத்தாழ 10 டையாப்டர் திறனுள்ள தடித்த குவிவில்லைக் கண்ணாடியை அணிய வேண்டும்.

இக்கண்ணாடி பொருள்களை ஏறத்தாழ கால் பங்கு பெரிதாக்கிக் காட்டியது. பக்கப் பார்வையில் ஒரு பகுதி மறைந்தது. படிகளில் இறங்குவோர் தூரத்தைத் தவறாகக் கணித்தனர். ஒரு கண்ணில் மட்டும் அறுவை நடந்திருந்தால் இரு கண்களின் உருவங்களும் ஒன்றுசேரவில்லை. எல்லாவற்றிலும் பெரிய இடர், வயலில் உழைப்பவரின் கண்ணாடி உடைந்தாலோ தொலைந்தாலோ அவர் மீண்டும் பார்வையற்றவர் போலாகிவிடுவதாகும். அறுவை வெற்றி பெற்றும் பார்வை ஒரு கண்ணாடித் துண்டையே சார்ந்திருந்தது.

கண் முகாம்களும் அரவிந்த் மருத்துவமனையும்

மருத்துவமனைக்கு வரும் வசதியற்ற சிற்றூர் மக்களைத் தேடி வெங்கடசாமி 1960களில் கண் முகாம்களை நடத்தினார். 1976ஆம் ஆண்டு தமது 58ஆம் அகவையில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும் மதுரையில் 11 படுக்கைகளுடன் ஒரு கண் மருத்துவமனையைத் தொடங்கினார். தாம் பின்பற்றிய ஆன்மிக வழிகாட்டியான அரவிந்தரின் பெயரை அதற்குச் சூட்டினார். உடன்பிறந்தோரும் அவர்களின் துணைவர்களும் இதில் பங்கேற்றனர். வெங்கடசாமி திருமணம் செய்துகொள்ளவில்லை.

பணம் செலுத்தும் நோயாளிகளிடமிருந்து பெறும் வருவாயைக் கொண்டு ஏனையோருக்கு இலவசமாகச் சிகிச்சை அளிப்பதே இம்மருத்துவமனையின் முறையாகும். ஒரே தரத்தில் எங்கும் விரைவாக உணவு வழங்கும் அமெரிக்க உணவகங்களின் செயல்முறை இவரைக் கவர்ந்தது. அதுபோல அறுவைப் பணியையும் சிறு படிகளாகப் பிரித்தார். சிற்றூர்ப் பெண்கள் பயிற்சி பெற்றுப் பார்வைத் திறனை அளவிடுவது முதலிய பணிகளைச் செய்தனர். இதனால் மருத்துவரின் நேரம் அறுவைக்கே பயன்பட்டது. கண்ணாடி தேவைப்படுவோருக்கு முகாமிலேயே அதைப் பொருத்தி வழங்கும் முறையும் ஏற்பட்டது. பின்னர் தேனி (1985), திருநெல்வேலி (1988), கோயம்புத்தூர் (1997), புதுச்சேரி (2003) ஆகிய இடங்களிலும் மருத்துவமனைகள் அமைந்தன.

உள்விழி வில்லை

இங்கிலாந்து மருத்துவர் ஹரால்டு ரிட்லி 1949ஆம் ஆண்டு இலண்டனில் முதன்முதலாகக் கண்ணுக்குள் செயற்கை வில்லையைப் பொருத்தினார். இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் கண்களில் தைத்த அக்ரிலிக் துண்டுகளைக் கண் ஒதுக்காததை அவர் கவனித்திருந்தார். 1980களில் இவ்வில்லை செல்வ நாடுகளில் பரவலானது. ஆயினும் அதன் விலை பெரும்பாலான இந்தியருக்கு எட்டாததாக இருந்தது. இதனால் பணம் உள்ளவருக்கு உள்விழி வில்லை, ஏழைக்குத் தடித்த கண்ணாடி என்ற பிரிவு உண்டாயிற்று.

இப்பிரிவை நீக்க, அமெரிக்காவின் சேவா அறக்கட்டளை, டேவிட் கிரீன் ஆகியோரின் துணையுடன் 1992ஆம் ஆண்டு மதுரையில் அரோலாப் என்னும் தயாரிப்பு நிறுவனம் தொடங்கப்பட்டது. இறக்குமதி வில்லைகள் 100 டாலர் அளவில் விற்ற காலத்தில், இங்கு உருவான வில்லைகள் சுமார் 10 டாலருக்குக் கிடைத்தன. பிற்பாடு விலை மேலும் குறைந்தது. இவ்வில்லைகள் பல வளரும் நாடுகளுக்கும் ஏற்றுமதியாயின. கண்புரை அறுவைக்குப் பின் அணியும் தடித்த கண்ணாடி படிப்படியாக வழக்கொழிந்தது. படிப்பதற்கான எளிய கண்ணாடி மட்டும் பலருக்குத் தேவைப்பட்டது.

விருதுகளும் மறைவும்

இந்திய அரசு 1973ஆம் ஆண்டு இவருக்குப் பத்மசிறீ விருது வழங்கியது. 1987ஆம் ஆண்டு ஹெலன் கெல்லர் பன்னாட்டு விருதும் பெற்றார். வெங்கடசாமி 2006ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் மதுரையில் தமது 87ஆம் அகவையில் காலமானார்.