முதல் சினிமா எடுத்தவர் ரயிலில் மாயம்!
130 ஆண்டு தாண்டியும் துப்பு துலங்கவில்லை

சினிமாவைக் கண்டுபிடித்தது யார்? அமெரிக்காவில் கேட்டால் எடிசன் என்பார்கள். பிரான்சில் கேட்டால் லூமியர் சகோதரர்கள் என்பார்கள். இவர்களுக்கெல்லாம் முன்பே இங்கிலாந்தில் ஒருவர் படம் பிடித்துவிட்டார். அவர் பெயர் லூயி லெ பிரின்ஸ்.

பிரான்சு நாட்டில் மெட்ஸ் நகரில் 1841-ல் பிறந்தவர். அப்பா ராணுவ அதிகாரி. 1866-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்கு வேலைக்கு வந்தார். நண்பரின் சகோதரி எலிசபெத்தைக் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே தங்கிவிட்டார்.

2 வினாடி படம்

1888 அக்டோபர் 14-ந்தேதி. மாமனார் வீட்டுத் தோட்டத்தில், தானே தயாரித்த ஒற்றை லென்ஸ் கேமராவை வைத்தார். காகிதச் சுருளில் படம் பிடித்தார். மகன், மாமனார், மாமியார், இன்னொரு பெண் ஆக 4 பேர் தோட்டத்தில் நடக்கிறார்கள். சுமார் 2 வினாடி. அவ்வளவுதான்! இன்று மிஞ்சியிருக்கும் சினிமாக்களில் மிகப் பழையது இதுதான்.

படம் எடுத்த பத்தாம் நாள் மாமியார் இறந்துபோனார். படத்தில் இன்னமும் நடந்துகொண்டிருக்கிறார்.

லீட்ஸ் பாலத்தில் குதிரை வண்டிகள் போவதையும் படமாக்கினார். லூமியர் சகோதரர்கள் பாரீசில் டிக்கெட் போட்டுப் படம் காட்டியது 1895-ல்தான்.

ரயில் ஏறினார், இறங்கவில்லை

1890-ல் நியூயார்க் போய் படத்தை ஊருக்குக் காட்ட ஏற்பாடு செய்தார். மனைவி, மக்கள் அங்கே காத்திருந்தார்கள். புறப்படும் முன் உடன்பிறந்தவரைப் பார்க்க பிரான்சில் டிஜான் ஊருக்குப் போனார். செப்டம்பர் மாதம் அங்கிருந்து பாரீஸ் ரயிலில் ஏறியதாகச் சொன்னார்கள். பாரீசில் ஆள் இறங்கவில்லை. பெட்டி படுக்கையும் இல்லை, பிணமும் இல்லை!

போலீசார் தேடினார்கள். பலன் இல்லை. 1897-ல் இறந்தவராக அறிவித்தார்கள்.

மகனும் பலி

எடிசன் மீது குடும்பத்தார் சந்தேகப்பட்டார்கள். ஆதாரம் எதுவும் சிக்கவில்லை. சினிமா கேமரா உரிமைக்காக எடிசன் போட்ட வழக்கில், 1898-ல் மகன் அடால்ப் எதிர்த்தரப்பு சாட்சியாக நின்றார். அப்பாவின் கேமராவைக் கோர்ட்டில் காட்ட வழியில்லாமல் போச்சு. 1901-ல் நியூயார்க் அருகே அவர் குண்டுக் காயத்துடன் பிணமாகக் கிடந்தார்.

2003-ல் பாரீஸ் போலீஸ் ஆவணங்களில் ஒரு போட்டோ கிடைத்தது. 1890-ல் நீரில் மூழ்கி இறந்த ஒருவரின் படம். லெ பிரின்ஸ் முகச்சாயல் இருந்தது. அவர்தான் என்று உறுதியாகவில்லை.

அவருடைய கேமரா இங்கிலாந்தில் பிராட்போர்டு அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது. அதை வைத்துப் படம் எடுத்தவர் கதி என்ன என்பதுதான் இன்றுவரை தெரியவில்லை.