சி. இராஜகோபாலாச்சாரி

சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரி (டிசம்பர் 10, 1878 - டிசம்பர் 25, 1972) தமிழ்நாட்டைச் சேர்ந்த வழக்கறிஞர், விடுதலைப் போராட்ட வீரர், அரசியல்வாதி, எழுத்தாளர் ஆவார். இராஜாஜி என்ற சுருக்கப் பெயரால் பரவலாக அறியப்படுகிறார். சென்னை மாகாணத்தின் பிரதம அமைச்சராகவும் (1937-1939), மேற்கு வங்க ஆளுநராகவும் (1947-1948), இந்தியாவின் தலைமை ஆளுநராகவும் (1948-1950), சென்னை மாநில முதலமைச்சராகவும் (1952-1954) பணியாற்றினார். தலைமை ஆளுநர் பதவியை வகித்த ஒரே இந்தியர் இவரே.

மரபு, தனிச்சொத்து, குறைந்த அரசுத் தலையீடு ஆகியவற்றை வலியுறுத்தும் பழமைவாத அரசியலின் முதன்மையான தலைவராகத் தமிழக அரசியல் வரலாற்றில் இவர் கருதப்படுகிறார். இவருடைய இரண்டு ஆட்சிகளும் முழுக்காலம் நீடிக்கவில்லை. அவ்விரு ஆட்சிகளும் பள்ளிக்கூடம் தொடர்பான ஓர் ஆணையின் பொருட்டே இன்றும் விவாதிக்கப்படுகின்றன.

பிறப்பும் இளமையும்

அன்றைய சேலம் மாவட்டத்தில், ஓசூருக்கு அருகில் உள்ள தொரப்பள்ளி என்னும் சிற்றூரில் இராஜாஜி பிறந்தார். இவ்வூர் தற்போது கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ளது. தந்தையார் சக்கரவர்த்தி வெங்கடார்யா அவ்வூர் முன்சீப் ஆவார். தாயார் சிங்காரம்மா. ஓசூரில் பள்ளிக் கல்வியும், பெங்களூர் மத்தியக் கல்லூரியில் பட்டப்படிப்பும், சென்னை மாநிலக் கல்லூரியில் சட்டக் கல்வியும் பயின்றார். 1900 ஆம் ஆண்டில் சேலத்தில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கி, விரைவில் பெரும் வருவாய் ஈட்டினார். மனைவி அலமேலு மங்கம்மா இளவயதிலேயே இறந்தார். ஐந்து குழந்தைகள் இருந்த போதும் இராஜாஜி மறுமணம் செய்துகொள்ளவில்லை.

1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்தார். அக்காலத்தில் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒருவர் முதன்முறையாக அந்நகராட்சி உறுப்பினராக இவர் காரணமாக இருந்தார்.

விடுதலைப் போராட்டத்தில்

1919 ஆம் ஆண்டு மகாத்மா காந்தி சென்னைக்கு வந்தபோது இராஜாஜியின் இல்லத்தில் தங்கினார். ரௌலட் சட்டத்துக்கு எதிராக நாடு தழுவிய கடையடைப்பு நடத்தும் எண்ணம் அங்குதான் காந்திக்கு உதித்தது. இதன்பின் ஒத்துழையாமை இயக்கத்தில் சேர்ந்த இராஜாஜி வழக்கறிஞர் தொழிலைக் கைவிட்டார். 1921 டிசம்பரில் கைது செய்யப்பட்டு வேலூர் சிறையில் அடைக்கப்பட்டார். 1925 இல் திருச்செங்கோட்டுக்கு அருகில் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கி, கதர், மதுவிலக்கு, தீண்டாமை ஒழிப்பு ஆகிய பணிகளில் ஈடுபட்டார்.

1930 ஏப்ரல் 13 அன்று ஏறத்தாழ நூறு தொண்டர்களுடன் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்புச் சத்தியாகிரகப் பயணத்தைத் தொடங்கினார். உப்பு அள்ளியதற்காக அம்மாத இறுதியில் கைது செய்யப்பட்டார். 1933 இல் இவருடைய மகள் லட்சுமிக்கும் காந்தியின் மகன் தேவதாசுக்கும் திருமணம் நடைபெற்றது.

முதல் ஆட்சி (1937-1939)

1937 தேர்தலில் சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் 215 இடங்களில் காங்கிரஸ் 159 இடங்களைப் பெற்றது. ஜூலை 14 அன்று இராஜாஜி பதவியேற்றார். அதே ஆண்டு அக்டோபர் 1 முதல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. மது வருவாயின் இழப்பை ஈடுகட்டுவதற்காக 1939 இல் பொது விற்பனை வரி கொண்டு வரப்பட்டது. 1938 இல் இயற்றப்பட்ட விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் உழவர்களின் கடன் சுமையைக் குறைத்தது. 1939 ஜூலையில் அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் மதுரை மீனாட்சி அம்மன் கோயிலில் ஆலயப் பிரவேசம் நடைபெற்றபோது, அதில் பங்கேற்றோருக்கும் கோயில் நிர்வாகத்தினருக்கும் சட்டப் பாதுகாப்பு அளிக்க இராஜாஜி அரசு விரைந்து ஏற்பாடு செய்தது. மரபில் பற்றுக் கொண்டவர் எனினும், மரபின் எல்லாக் கூறுகளையும் இவர் காக்க முற்படவில்லை என்பதற்கு இது சான்றாகும்.

இவ்வாட்சியின் பெரும் சர்ச்சை இந்தி மொழியைப் பற்றியதாகும். 1938 ஏப்ரலில் 125 பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கி ஆணை பிறப்பிக்கப்பட்டது. பெரியார் ஈ. வெ. இராமசாமி, நீதிக்கட்சியினர், தமிழறிஞர்கள் ஆகியோர் இதனை எதிர்த்துப் போராடினர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறை சென்றனர். காங்கிரசாரை ஒடுக்க ஆங்கிலேய அரசு பயன்படுத்திய குற்றவியல் திருத்தச் சட்டத்தையே இராஜாஜி அரசும் போராட்டக்காரர்கள் மீது பயன்படுத்தியது. சிறைப்பட்ட நடராசன், தாளமுத்து ஆகிய இருவரும் 1939 இல் உயிரிழந்தனர். இரண்டாம் உலகப் போரில் இந்தியர்களைக் கேட்காமல் இந்தியாவை ஈடுபடுத்தியதைக் கண்டித்து 1939 அக்டோபரில் காங்கிரஸ் அமைச்சரவைகள் பதவி விலகின. கட்டாய இந்தி ஆணையை 1940 பெப்ரவரியில் ஆளுநர் எர்ஸ்கின் நீக்கினார்.

காங்கிரசுடன் கருத்து வேறுபாடு

முஸ்லிம் லீக்குடன் உடன்பாடு காணாமல் விடுதலை பெற இயலாது என இராஜாஜி கருதினார். இதனால் 1942 இல் காங்கிரசிலிருந்து விலகினார். வெள்ளையனே வெளியேறு இயக்கத்திலும் பங்கேற்கவில்லை. பிரிவினையை நிபந்தனைகளுடன் ஏற்கும் இவருடைய திட்டம் இராஜாஜி திட்டம் என அழைக்கப்பட்டது. 1944 இல் நடைபெற்ற காந்தி - ஜின்னா பேச்சுவார்த்தைக்கு அதுவே அடிப்படையாக இருந்தது. பின்னர் மீண்டும் காங்கிரசில் சேர்ந்து 1946 இடைக்கால அரசில் இடம்பெற்றார். வல்லபாய் பட்டேலின் மறைவுக்குப் பின் 1951 வரை உள்துறை அமைச்சராக இருந்தார்.

இரண்டாம் ஆட்சி (1952-1954)

1952 பொதுத்தேர்தலில் சென்னை மாநிலத்தின் 375 இடங்களில் காங்கிரஸ் 152 இடங்களை மட்டுமே பெற்றது. பொதுவுடைமைக் கட்சியும் பிற கட்சிகளும் த. பிரகாசம் தலைமையில் கூட்டணி அமைத்து ஆட்சி கோரின. ஆளுநர் ஸ்ரீ பிரகாசா, தேர்தலில் போட்டியிடாத இராஜாஜியைச் சட்ட மேலவைக்கு நியமித்து ஆட்சி அமைக்க அழைத்தார். மக்களால் தேர்ந்தெடுக்கப்படாதவர் முதலமைச்சரானது கடும் விமர்சனத்துக்கு உள்ளானது.

1952 ஜூனில் உணவு தானியக் கட்டுப்பாட்டை இராஜாஜி நீக்கினார். சந்தையின் மீதான அரசுக் கட்டுப்பாடுகளை இவர் பிற்காலத்தில் எதிர்த்ததற்கு இது முன்னோடி எனலாம்.

1953 இல் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கான மாற்றுக் கல்வித் திட்டம் அறிமுகப்படுத்தப்பட்டது. இதன்படி பள்ளி நேரம் நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைக்கப்பட்டு, மாணவர்கள் இரு பிரிவுகளாகப் பயில்வர். எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலையோ ஊரில் உள்ள பிற கைத்தொழிலையோ கற்பர். குறைந்த நிதியையும் ஆசிரியர்களையும் கொண்டு கூடுதல் குழந்தைகளைப் பள்ளியில் சேர்ப்பதே திட்டத்தின் நோக்கமாகக் கூறப்பட்டது. ஆனால் தந்தை தொழிலையே மகனும் செய்யும் நிலை சாதி அமைப்பை நிலைநிறுத்தும் என எதிர்ப்பாளர்கள் வாதிட்டனர். அவர்கள் இதற்குக் குலக்கல்வித் திட்டம் எனப் பெயரிட்டனர். அப்பெயரே வரலாற்றில் நிலைத்தது. திராவிடர் கழகம் தொடர் போராட்டங்களை நடத்தியது. திராவிட முன்னேற்றக் கழகம் நடத்திய மும்முனைப் போராட்டத்தின் ஒரு முனை இத்திட்டத்துக்கு எதிரானதாகும். அமைச்சரவையுடனும் கட்சியினருடனும் போதிய ஆலோசனை இன்றித் திட்டம் அறிவிக்கப்பட்டதால் காங்கிரசுக்குள்ளும் எதிர்ப்பு வலுத்தது. 1954 இல் இராஜாஜி பதவி விலகினார். ஏப்ரல் 13 அன்று கு. காமராசர் முதலமைச்சரானார். அடுத்த மாதமே இத்திட்டம் கைவிடப்பட்டது.

சுதந்திராக் கட்சி

1959 ஜனவரியில் நாக்பூர் காங்கிரஸ் மாநாடு கூட்டுறவுப் பண்ணை முறையை ஏற்றது. இது உழவரின் நில உரிமையைப் பறிக்கும் எனக் கருதிய இராஜாஜி, அவ்வாண்டு ஜூனில் தமது எண்பதாம் வயதில் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். என். ஜி. ரங்கா அதன் தலைவராகவும் மினு மசானி பொதுச் செயலாளராகவும் இருந்தனர். தொழில் தொடங்க அரசின் அனுமதி, உரிமம், ஒதுக்கீடு ஆகியவற்றை நாட வேண்டிய முறையை இக்கட்சி எதிர்த்தது. நிலக்கிழார்கள், முன்னாள் மன்னர்கள், தொழிலதிபர்கள் ஆகியோரின் கட்சி என்ற விமர்சனமும் இதன் மீது இருந்தது. மக்களவையில் 1962 இல் 18 இடங்களையும் 1967 இல் 44 இடங்களையும் பெற்றது.

மொழிக் கொள்கையிலும் இவர் நிலைப்பாடு மாறியது. இந்தி மட்டுமே ஆட்சிமொழியாவதை 1950களின் பிற்பகுதியிலிருந்து எதிர்த்த இவர், ஆங்கிலம் தொடர வேண்டும் என வலியுறுத்தினார். 1967 தேர்தலில் சி. என். அண்ணாதுரையின் தி.மு.க.வுடன் கூட்டணி அமைத்தார். முன்னர் இவருடைய மொழிக் கொள்கையையும் கல்வித் திட்டத்தையும் எதிர்த்துப் போராடியவர்களே இப்போது கூட்டாளிகளாயினர். தி.மு.க. தனிப்பெரும்பான்மை பெற்றது, சுதந்திராக் கட்சிக்கு 20 சட்டமன்ற இடங்கள் கிடைத்தன. தமிழகத்தில் காங்கிரஸ் ஆட்சி அத்துடன் முடிவுற்றது.

1971 இல் மு. கருணாநிதி அரசு மதுவிலக்கைத் தளர்த்த முடிவு செய்தபோது, தொண்ணூறு வயதைக் கடந்திருந்த இராஜாஜி அவரை நேரில் சந்தித்து அதனைக் கைவிடுமாறு வேண்டினார். அவ்வேண்டுகோள் ஏற்கப்படவில்லை.

எழுத்துப் பணி

வியாசர் விருந்து என்ற மகாபாரதமும், சக்கரவர்த்தித் திருமகன் என்ற இராமாயணமும் இவருடைய புகழ்பெற்ற நூல்களாகும். பின்னதற்கு 1958 ஆம் ஆண்டின் சாகித்திய அகாதமி விருது வழங்கப்பட்டது. எம். எஸ். சுப்புலட்சுமி பாடிய குறை ஒன்றும் இல்லை என்ற பாடலை இயற்றியவரும் இவரே. இந்தியாவின் உயரிய விருதான பாரத ரத்னா 1954 இல் முதன்முறையாக வழங்கப்பட்டபோது, அதனைப் பெற்ற மூவருள் இவரும் ஒருவர்.

மறைவும் மதிப்பீடும்

இராஜாஜி 1972 டிசம்பர் 25 அன்று சென்னையில் காலமானார். அரசியலில் எதிரியாகவும் வாழ்வில் நெருங்கிய நண்பராகவும் விளங்கிய பெரியார், இறுதிச் சடங்கில் கலந்துகொண்டு கண்ணீர் விட்டார். சுதந்திராக் கட்சி 1974 இல் பாரதிய லோக் தளத்துடன் இணைந்தது. சென்னை கிண்டியில் இவருக்கு நினைவிடம் உள்ளது. தொரப்பள்ளியில் இவர் பிறந்த வீடு நினைவில்லமாகப் பராமரிக்கப்படுகிறது.

1991 இல் தொழில் உரிம முறை பெருமளவு நீக்கப்பட்ட பின், அதனை முன்கூட்டியே எதிர்த்தவர் என்ற முறையில் இவருடைய பொருளாதாரக் கருத்துகள் மீண்டும் கவனம் பெற்றன. தமிழகத்தில் இவர் நினைவு வேறு வகையில் நிலைத்துள்ளது. குடிமக்களின் வாழ்வில் அரசு குறைவாகவே தலையிட வேண்டும் எனப் பிற்காலத்தில் வாதிட்ட இவர், ஆட்சியில் இருந்தபோது குழந்தைகள் எதைக் கற்க வேண்டும், எவ்வளவு நேரம் கற்க வேண்டும் என்பதை ஆணையால் முடிவு செய்ய முயன்றார். அவ்விரு ஆணைகளும் நிலைக்கவில்லை. ஆயினும் அவற்றுக்கு எழுந்த எதிர்ப்பு, திராவிட இயக்கம் தமிழகத்தில் வேரூன்றுவதற்கு முக்கியக் காரணங்களுள் ஒன்றாக அமைந்தது.