இப்னுல் ஹைதம்: ஐயம் ஏற்றிய விளக்கு

விளக்கை ஏற்றினால் பொருள் தெரிகிறது, அணைத்தால் மறைகிறது. சிறு குழந்தையும் அறிந்த இவ்வுண்மைக்கு விளக்கம் கூறப் புகுந்த கிரேக்கப் பேரறிஞர்கள் தமக்குள் பிளவுபட்டு நின்றனர். கண்ணிலிருந்து கதிர்கள் புறப்பட்டுச் சென்று பொருளைத் தொடுவதாலேயே பார்வை உண்டாகிறது என்றனர் யூக்ளிடும் தாலமியும். பொருளின் வடிவமே கண்ணை வந்தடைகிறது என்றனர் அரிஸ்டாட்டில் வழியினர். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகத் தீராதிருந்த இவ்வழக்கைத் தீர்க்க வந்தவர், ஈராக்கின் பஸ்ரா நகரில் ஏறத்தாழ ஹிஜ்ரி 354இல், அதாவது கி.பி. 965இல் தோன்றிய அபூ அலீ அல் ஹஸன் இப்னுல் ஹைதம் ஆவார்.

அன்னாரின் வாழ்வில் பெருந்திருப்பம் ஒரு தோல்வியால் நேர்ந்தது. நைல் நதியின் பெருக்கையும் வறட்சியையும் ஒழுங்குபடுத்த வழியுண்டு என அவர் கூறிய செய்தி, எகிப்தை ஆண்ட ஃபாத்திமிய்யக் கலீஃபா அல் ஹாகிமின் செவிக்கு எட்டியது. கலீஃபா அவரை வரவழைத்துச் சிறப்புச் செய்து, ஆட்களுடன் தென்திசைக்கு அனுப்பிவைத்தார். ஆற்றின் வழியே அஸ்வான் வரை சென்ற அறிஞரின் உள்ளத்தைப் பழம் எகிப்தியர் எழுப்பிய கட்டடங்கள் உலுக்கின. இத்துணை நுட்பமாகக் கணக்கிட்டுக் கட்டத் தெரிந்தவர்கள், இயலுமாயின் இவ்வாற்றையும் முன்பே அடக்கியிருக்க மாட்டார்களா? இடத்தை நேரில் ஆராய்ந்தபின் தம் திட்டம் நிறைவேறாது என உணர்ந்தார். திரும்பிவந்து அதனை ஒப்புக்கொண்டார். அல் ஹாகிமோ சினந்தால் உயிரைப் பறிக்கத் தயங்காதவர். அவர் தந்த அலுவலை ஏற்றும் அச்சம் நீங்காமையால், அறிஞர் சித்தம் கலங்கியவர்போல் நடித்து வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தார் என்றும், 1021இல் அல் ஹாகிமின் காலம் முடிந்த பின்னரே வெளிவந்தார் என்றும் வரலாற்றாசிரியர் அல் கிஃப்தி எழுதியுள்ளார்.

அடைபட்ட அறையின் துளைவழியே வந்த ஒளிக்கற்றையைக் கண்டதும் ஒளியியல் பிறந்துவிட்டது என மேடைகளில் சுவைபடச் சொல்வதுண்டு. அல் கிஃப்தியின் வரலாற்றில் அச்செய்தி இல்லை. அதனினும் சுவையான வேறொன்று இருக்கிறது. அதன்பின் அல் அஸ்ஹர் பள்ளிவாசலின் அருகே தங்கிய இப்னுல் ஹைதம், யூக்ளிடின் நூலையும் தாலமியின் நூலையும் படியெடுத்து விற்று, ஆண்டுக்கு 150 தீனார் ஈட்டி வாழ்ந்தார். எவருடைய நூல்களைத் தம் கையால் எழுதி உண்டாரோ, அவரையே அவர் ஐயுற்றார்! தாலமியின்மேல் தமக்குள்ள ஐயங்களைத் தொகுத்துத் தனிநூலே இயற்றினார். முன்னோர் நூலைக் கற்பவன் அதன் ஒவ்வொரு சொல்லையும் எதிர்நின்று வினவ வேண்டும். வினவும்போது தன் அறிவையும் நம்பிவிடலாகாது என்பது அந்நூலில் அவர் வகுத்த நெறி.

ஏழு பகுதிகள் கொண்ட ‘கிதாபுல் மனாழிர்’ இந்நெறியின் பெருங்கனி. சூரியனை உற்றுநோக்கினால் கண் வலிக்கிறது. ஆகவே வெளியிலிருந்து ஏதோ ஒன்று கண்ணைத் தாக்குகிறது எனத் தொடங்குகிறார். வாதத்தோடு நின்றுவிடவில்லை. இருட்டறையின் சிறு துளைக்கு எதிரே வெவ்வேறு இடங்களில் விளக்குகளை வைத்தார். உள்ளே எதிர்ப்புறத்தில் விளக்குக்கு ஒன்றாக ஒளித்திட்டுகள் விழுந்தன. ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய திட்டு மட்டுமே மறைந்தது. ஒளி நேர்கோட்டில் செல்கிறது, ஒரே துளையில் குறுக்கிட்டாலும் ஒன்றோடொன்று கலப்பதில்லை என்பதற்கு இதைவிட எளிய சான்று வேறென்ன வேண்டும்? இவ்வாறு சோதித்தறிதலை அவர் ‘இஃதிபார்’ என்றார். ஒளியைப் பற்றிய முடிவுகளைவிட இச்சொல்லே அவர் விட்டுச்சென்ற பெருஞ்செல்வம் என்பது என் துணிபு. முடிவுகளில் அவரும் வழுவியுள்ளார். கண்வில்லையிலேயே பார்வை உணரப்படுகிறது என்று அவர் கொண்டது பிழை.

ஏறத்தாழ 1040இல் கெய்ரோவில் அவர் மறைந்தார். நூலோ அவருடைய கீழைத் தேயத்திலேயே நெடுங்காலம் பலர் கைக்கும் எட்டாதிருந்தது. ஏறக்குறைய இரண்டரை நூற்றாண்டு கழித்து, பாரசீக மாணவர் கமாலுத்தீன் அல் ஃபாரிஸி ஒளிவிலகலில் ஐயமுற்றபோது, ஆசிரியர் குத்புத்தீன் அஷ்ஷீராஸி தொலைதூரத்திலிருந்து ஒரு பிரதியை வருவித்துக் கொடுத்தார். மாணவர் அதற்கு விரிவுரை எழுதியதோடு, நீர் நிறைந்த கண்ணாடி உருண்டையை மழைத்துளியாகக் கொண்டு வானவில்லின் தோற்றத்தை விளக்கினார். ஏறத்தாழ அதே ஆண்டுகளில் ஜெர்மானியத் துறவி தியோடோரிக்கும் அவ்வாறே நீர் உருண்டையைக் கொண்டு அதே விளக்கத்தைக் கண்டார். ஒருவரை ஒருவர் அறியாத அவ்விருவருக்கும் பொதுவாயிருந்தது பஸ்ரா அறிஞரின் ஒளியியலே.

ஐரோப்பா அதனை லத்தீனில் படித்தது. ரோஜர் பேக்கன் அதில் தோய்ந்தார். 1572இல் பாசல் நகரில் அது அச்சேறியது. 1604இல் கெப்ளர், பிம்பம் விழித்திரையில் தலைகீழாக விழுகிறது என நிறுவி, மேற்சொன்ன பிழையையும் திருத்தினார்.

அந்த லத்தீன் நூலில் ஒரு குறை இருந்தது. ஆய்வுநெறியைப் பேசும் முதல் மூன்று இயல்கள் அதில் இடம்பெறவில்லை. மூலத்தில் அவை அழியாதிருந்தன. 1083 அளவில் ஆசிரியரின் மருமகனார் பஸ்ராவில் எழுதிய படி இஸ்தான்புல் நூலகத்தில் காக்கப்பட்டிருந்தது. எகிப்திய அறிஞர் அப்துல் ஹமீத் ஸப்ராவின் உழைப்பால் 1983இல் குவைத்தில் அவ்வியல்கள் அரபியில் அச்சாகி வெளிவந்தன.