ஏர் பிடித்த பாவலர் றொபேட் பேண்ஸ்

கற்றோர் அவையிலே தம் ஊர்ப்பேச்சை மறைத்துக்கொள்வோர் எந்நாட்டிலும் உளர். அங்ஙனம் மறையாது, அப்பேச்சினாலேயே உலகப் புகழ் எய்தியவர் ஸ்கொத்லாந்து நாட்டு உழவர் றொபேட் பேண்ஸ் ஆவார்.

1759ஆம் ஆண்டு ஜனவரி 25ஆம் நாள் அலோவே என்னும் சிற்றூரில், தந்தையார் தம் கையாற் கட்டிய மண்வீட்டில் அவர் பிறந்தார். மக்கள் எழுவருள் மூத்தவர் அவரே. குத்தகை நிலத்திற் பாடுபட்ட தந்தையார், வறுமையிலும் அயலவரோடு சேர்ந்து ஆசிரியர் ஒருவரை அமர்த்தி மக்களுக்கு ஆங்கிலம் கற்பித்தார். தாயாரோ நாட்டுப் பாடல்களைப் பாடினார்; உறவினளான முதியவள் ஒருத்தி பேய்க்கதைகள் சொன்னாள். ஏட்டிலே ஆங்கிலமும் அடுப்படியிலே ஊர்மொழியுமாக அவர் வளர்ந்தார்.

1707இல் ஸ்கொத்லாந்து இங்கிலாந்துடன் இணைந்தபின், ஆங்கிலமே நாகரிகத்தின் அடையாளமாயிற்று. அக்காலத்தில், 1786இல், பேண்ஸ் ஊர்மொழிக் கவிதைகளை நூலாக்கி 612 பிரதிகள் அச்சிட்டார். தம் கலப்பை கலைத்த வளையில் வாழ்ந்த சுண்டெலிக்காக இரங்கினார். தேவாலயத்திலே இறுமாந்து வீற்றிருந்த பெண்ணின் தொப்பியில் ஊர்ந்த பேனைப் பாடிச் சிரிக்கவைத்தார். பக்தி வேடமிட்ட சபை மூப்பர் ஒருவரை, அவரே செபஞ் செய்வதுபோற் பாடி எள்ளி நகையாடினார்.

அவர் குறையற்றவரல்லர். காதல் விவகாரங்களினாற் பழிக்கு ஆளானார். வறுமை நெருக்கியபோது, அடிமைகள் உழைத்த யமேக்காத் தோட்டமொன்றிற் கணக்கர் வேலைக்குச் செல்லவும் ஆயத்தமானார். நூலின் வெற்றியே அவரைத் தாய்நாட்டில் நிறுத்திற்று.

எடின்பரோ நகரம் அவரை வரவேற்றது. ஆங்கிலத்தில் எழுதுமாறு அறிவுரை கூறினாரும் உளர். அவரோ கிராமத்துப் பழம்பாடல்களைத் தேடினார். மெட்டை முணுமுணுத்து மனத்திற் பதித்த பின்னரே சொற்களை அமைப்பார். சிதைந்தவற்றைச் செப்பனிட்டும் புதியன புனைந்தும் ஏறக்குறைய இருநூறு பாடல்களை ஜேம்ஸ் ஜோன்சனின் தொகுப்புக்கு வழங்கினார். சுங்கவரி அலுவலராகச் சிறு சம்பளத்தில் வாழ்ந்தும், பாடல்களுக்குக் கூலி பெற மறுத்தார். ஆயினும், நோயுற்றுக் கடனுக்கு அஞ்சிய இறுதி நாட்களில், மற்றொரு தொகுப்பாசிரியரான ஜோர்ஜ் தொம்சனிடம் ஐந்து பவுண் இரந்து எழுத நேர்ந்தது. 1796 ஜூலை 21இல், முப்பத்தேழாம் வயதில் உயிர் நீத்தார்.

இன்று உலகெங்கும் பிரிவுவேளையிற் பாடப்படும் பழைய நட்பைப் போற்றும் பாடல், அவர் அளித்ததே. முதியவர் ஒருவர் பாடக் கேட்டு எழுதியதாகவே அவர் கூறினார். மிஷன் பாடசாலையில் அதனைப் பொருள் முழுதும் அறியாமலே பாடினேன். ஆனால், என் பாட்டியார் பாடிய தாலாட்டில் ஓரடியேனும் எனக்கு வராது. கேட்டு எழுதிக்கொள்ள இன்று அவரும் இல்லை.

இளைஞர்களே! உங்கள் இல்லத்து முதியோர் இன்னும் பாட வல்லவராயின், இன்றே அருகிருந்து கேளுங்கள். பெரியோர்களே! நாங்கள் கேளாவிடினும் எங்களை அழைத்துப் பாடிக்காட்டுங்கள்.