மிகைல் பொத்வினிக்

மிகைல் பொத்வினிக் (ஆகஸ்ட் 17, 1911 - மே 5, 1995) சோவியத் ஒன்றியத்தைச் சேர்ந்த சதுரங்க ஆட்டக்காரரும் மின்பொறியாளரும் ஆவார். 1948 முதல் 1963 வரை உலக வாகையாளராக விளங்கினார். இடையில் 1957இல் சிமிஸ்லோவிடமும் 1960இல் தாலிடமும் பட்டத்தை இழந்து, இருமுறையும் மறு ஆண்டே மீட்டார்.

இளமை

அக்காலத்தில் பின்லாந்துப் பகுதியாயிருந்த குவோக்கலாவில் பிறந்தார். 12 வயதில் சதுரங்கம் கற்றார். 1925இல் உலக வாகையாளர் கப்பபிளாங்கா லெனின்கிராடில் ஒரே நேரத்தில் பலருடன் ஆடியபோது அவரை வென்றார். பின்னர் மின்பொறியியல் பயின்று, அத்துறைப் பணியை இறுதிவரை தொடர்ந்தார்.

1951: குதிரைகளும் அமைச்சர்களும்

1948இல் பட்டம் வென்றபின் மூன்றாண்டுகள் பொத்வினிக் போட்டிகளில் ஆடவில்லை. முனைவர் பட்ட ஆய்வில் மூழ்கியிருந்தார். இந்நிலையில் 1951இல் டேவிட் புரோன்ஸ்டைன் அவரை எதிர்கொண்டார். 24 ஆட்டங்கள் கொண்ட தொடரில் 22 முடிந்தபோது புரோன்ஸ்டைன் ஒரு புள்ளி முன்னிலையில் இருந்தார். தொடர் சமனில் முடிந்தால் பட்டம் பழைய வாகையாளரிடமே இருக்கும். எனவே எஞ்சிய இரண்டில் ஒன்றையேனும் பொத்வினிக் வென்றாக வேண்டும்.

23ஆம் ஆட்டத்தில் வெள்ளைக் காய்களுடன் ஆடிய அவரிடம் இரு அமைச்சர்களும், எதிராளியிடம் இரு குதிரைகளும் எஞ்சின. ஓர் அமைச்சர் ஒரே நிறக் கட்டங்களில்தான் செல்லும். இரண்டும் சேர்ந்தால் பலகை முழுவதையும் தொலைவிலிருந்தே ஆளும். குதிரை எந்நிறக் கட்டத்தையும் அடையும், ஆனால் மெதுவாக. காலாள்கள் பலகையின் இருபுறமும் இருந்தால் இத்தாமதமே அதற்குப் பகை.

அக்காலத்தில் முடிவுறாத ஆட்டம் ஒத்திவைக்கப்படும். அடுத்து ஆட வேண்டியவர் தம் நகர்த்தலை எழுதி உறையிலிட்டு நடுவரிடம் கொடுப்பார். பொத்வினிக் 42ஆம் நகர்த்தலை இவ்வாறு எழுதித் தந்தார். அது மிகச் சிறந்த நகர்த்தல் அன்று. அன்றிரவு முழுவதும் கண்விழித்து ஆய்ந்து வெற்றிக்கு வழி தேடினார். உறையில் எழுதியது எது என்பதைத் தம் உதவியாளர் சாலோ புளோருக்குக்கூட மறுநாள் ஆட்டம் தொடங்கும் நேரம் வரை சொல்லவில்லை. அவரது எச்சரிக்கை உணர்வு அத்தகையது.

ஆட்டம் தொடர்ந்தபோது அமைச்சர்கள் குதிரைகளை மெல்ல முடக்கின. 57ஆம் நகர்த்தலுக்குப் பின், எக்காயை நகர்த்தினாலும் தம் நிலை குலையும் என்ற கட்டத்தில் புரோன்ஸ்டைன் தோல்வியை ஏற்றார். இன்னும் உறுதியான தற்காப்பு அவருக்கு இருந்ததெனப் பிற்கால ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். ஆயினும் அதைப் பலகையின் முன் அமர்ந்து, கடிகாரம் ஓடுகையில் கண்டறிவது எளிதன்று. இறுதி ஆட்டம் சமனாயிற்று. தொடர் 12-12 என முடிந்ததால் பட்டம் பொத்வினிக்கிடமே தங்கியது. புரோன்ஸ்டைனுக்கு மீண்டும் உலகப் பட்டத்துக்காக ஆடும் வாய்ப்பு வரவேயில்லை.

பிற்காலம்

1963இல் பெத்ரோசியானிடம் பட்டத்தை இழந்தார். 1970இல் போட்டிகளிலிருந்து ஓய்வு பெற்றார். அவரது சதுரங்கப் பள்ளியில் கார்ப்பொவ், காஸ்பரொவ், கிராம்னிக் ஆகியோர் பயின்றனர். மனிதரைப் போலச் சில வழிகளை மட்டும் தேர்ந்து ஆராயும் 'பயனியர்' என்னும் கணினி நிரலை உருவாக்கப் பல்லாண்டு முயன்றார். ஆனால், எல்லா வழிகளையும் விரைந்து கணக்கிடும் நிரல்களே அப்போது முந்தின. அவை வலுப்பெற்றதும் 1990களில் ஆட்டங்களை ஒத்திவைக்கும் வழக்கமும் மறைந்தது. பொத்வினிக் 1995இல் மாஸ்கோவில் காலமானார்.