அடிமை கற்ற சொல்வன்மை

சொல்வன்மை கற்றோர்க்குரிய அணிகலன் என்றே நம்மவர் பலர் கருதுகின்றனர். திருவள்ளுவனார் அமைச்சு என்னும் அதிகாரத்தை அடுத்துச் சொல்வன்மையை வைத்தமையால், அரசவைக்கும் அறிஞரவைக்குமே அஃது உரியதென எண்ணுவாரும் உளர். ஓர் அடிமையின் நாவிலே அது யாது செய்யும் என்பதை அறிய விழைவோர் பிரெடெறிக் டக்ளஸ் என்பாரின் வரலாற்றைக் கற்றல் வேண்டும். மாணவரைப் பேச்சுக்குப் பயிற்றுந்தோறும் யான் எடுத்துரைக்கும் வரலாறு இது.

டக்ளஸ் 1818ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் ஓர் அடிமைத் தாயின் மகனாய்ப் பிறந்தார். தந்தை இன்னாரென்று அறியார். பிறந்த நாளையும் அறியார். தாயார் 12 மைல் தொலைவிலுள்ள வேறொரு தோட்டத்தில் உழைத்தவர். பகலெல்லாம் வேலை செய்து, இரவிலே நடந்து வந்து மகனைக் கண்டு, விடியுமுன் மீள்வார். டக்ளஸ் சிறு பிள்ளையாயிருக்கும்போதே அத்தாயும் இறந்தார்.

பின்னர் பால்ற்றிமோர் நகரத்து இல்லமொன்றிற்கு அவர் அனுப்பப்பட்டார். அவ்வில்லத்துத் தலைவி சோபியா ஓல்ட் இரக்கமுற்று அவருக்கு எழுத்தறிவிக்கத் தொடங்கினார். அதனை அறிந்த கணவர் சினந்து தடுத்தார். எழுத்தறிந்தவன் அடிமையாய் அடங்கியிரான் என்று காரணமுங் கூறினார். அருகில் நின்ற சிறுவருக்கு அக்காரணமே விடுதலைக்கு வழிகாட்டியாயிற்று. தெருவில் விளையாடும் வெள்ளைச் சிறுவர்க்குப் பாண் துண்டுகளைக் கொடுத்து, அவர்களிடம் எழுத்துகளைக் கேட்டுக் கற்றார். ஏறத்தாழப் பன்னிரண்டு வயதில், சேர்த்துவைத்த 50 சதத்துக்குச் சொற்பொழிவுத் திரட்டு ஒன்றை வாங்கினார். ‘கொலம்பியன் ஒரேற்றர்’ என்பது அதன் பெயர். அடிமையொருவன் தன் தலைவனோடு வாதிட்டு, நியாயத்தினாலேயே விடுதலை பெறும் உரையாடல் ஒன்று அதில் உண்டு. அதனை அவர் மீண்டும் மீண்டும் படித்தார்.

1838ஆம் ஆண்டு செப்ரெம்பர் 3ஆந் தேதி, கடலோடியின் உடை தரித்து, சுதந்திரரான கடலோடி ஒருவரிடம் இரவல் பெற்ற பத்திரத்தோடு புகைவண்டியேறி வட பகுதிக்குத் தப்பினார். நியூ பெட்பேட் என்னும் துறைமுக நகரிற் கூலிவேலை செய்து வாழ்ந்தார். 1841ஆம் ஆண்டு ஓகத்து மாதத்தில் நன்ரக்கெற் தீவிலே அடிமை ஒழிப்பாளரின் கூட்டமொன்று நடைபெற்றது. பேசுமாறு வேண்டப்பட்டபோது உடல் நடுங்க எழுந்து தம் வாழ்க்கையை உரைத்தார். அவையோர் உருகினர். அடிமை ஒழிப்புச் சங்கத்தார் உடனே அவரைத் தம் பேச்சாளராக அமர்த்திக்கொண்டனர்.

இனித்தான் அவர் வாழ்வின் பெருஞ் சோதனை வருகின்றது. பட்ட துன்பத்தை மட்டும் கூறுக, அதன்மேல் ஆராய்ச்சியைத் தாம் செய்துகொள்வோம் என்றனர் சங்கத்து நண்பர். தோட்டத்து மொழி சிறிதேனும் பேச்சிற் கலந்திருத்தல் நன்று என்றும் அறிவுரை கூறினர். ஆனால் அவரோ நாடோறும் கற்றார்; கருத்தும் மொழியும் வளர்ந்தன. அவை வளர வளர, இத்துணைச் செம்மையாகப் பேசுபவர் அடிமையாய் இருந்திரார் என்று கேட்டோர் ஐயுறலாயினர். நன்றாகப் பேசினமையாலேயே அவர் உண்மை பொய்யெனப்பட்டது!

பேச்சைத் தாழ்த்திக்கொள்ள அவர் உடன்படவில்லை. 1845ஆம் ஆண்டில் தம் வரலாற்றை நூலாக எழுதி, தம்மை உடைமையாகக் கொண்டிருந்தவரின் பெயரையும் ஊரையும் வெளிப்படையாகப் பொறித்தார். தப்பிய அடிமையைப் பிடித்துச் செல்லச் சட்டம் இடங்கொடுத்த காலம் அது. தாமாயின் அவ்வேட்டைத் தீயிலிடுவோம் என்று நண்பரொருவரே எழுதினார். உண்மைக்குச் சான்றாக டக்ளஸ் தம் விடுதலையையே பணயம் வைத்தார்.

நூல் வெளிவந்தபின் பிடிபடுவோம் என்று அஞ்சிக் கடல் கடந்து, அயர்லாந்திலும் பிரித்தானியாவிலும் ஏறத்தாழ ஈராண்டு பேசினார். ஆங்கு அன்பர் 150 பவுண் திரட்டிக் கொடுத்து அவரை அடிமைக்கட்டிலிருந்து மீட்டனர். 1847இல் தாயகம் மீண்டு, றொச்செஸ்ரர் நகரில் பத்திரிகை நிறுவினார். 1852 யூலை 5ஆந் தேதி அந்நகர மண்டபத்தில், அமெரிக்க சுதந்திர விழாவை ஒட்டிப் பேசுமாறு அழைக்கப்பட்டார். அடிமைகளுக்கு அவ்விழா வெறும் வஞ்சகமே என்று, அழைத்தோர் முகத்துக்கு நேரே எடுத்துரைத்தார்.

உள்நாட்டுப் போரில் கறுப்பினத்தவரைப் படையிற் சேருமாறு அழைத்தபோது தம் மக்களுள் இருவரையும் சேர்த்தார். வெள்ளை வீரர்க்கு மாதம் 13 டொலர். கறுப்பு வீரர்க்கோ 10 டொலர், அதிலும் உடைக்கென 3 டொலர் கழிவு. 1863இல் ஆபிரகாம் இலிங்கனை நேரிற் கண்டு அவ்வநீதியை முறையிட்டார். 1864இல் ஊதியத்தைச் சமன் செய்யும் சட்டம் நிறைவேறியது. 1895ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆந் தேதி, மகளிர் உரிமைக்கான கூட்டமொன்றிற் கலந்து வீடு திரும்பியபின் உயிர் நீத்தார்.

நம் மன்றங்களிற் பேச்சாளர் பலர் உளர். குரலும் சைகையும் குறைவற அமைந்தவர்கள். டக்ளஸின் பேச்சு உலகை அசைத்தமைக்குக் குரல் மட்டுங் காரணமன்று. சொல்லிய சொல்லுக்கு ஈடாகத் தம்மையே கொடுக்க அவர் முன்வந்தார். மேடையேறும் இளைஞர் ஒவ்வொருவரும், தம் சொல்லுக்கு ஈடாகத் தாம் எதனைக் கொடுப்போம் என்று முதலில் தம்மையே வினவிக்கொள்ளல் வேண்டும்.