பறவை மனிதர் சலீம் அலி

பிள்ளைகளே, மார்கழி, தை மாதங்களில் காலையில் பள்ளிக்கூடம் போகும்போது பியர்ஃபித்தில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும். நீங்கள் கையுறையும் தொப்பியும் போட்டுக்கொள்வீர்கள். ஆனால் பறவைகள் என்ன செய்யும்? நிலமும் நீரும் உறைந்தால் புழு கிடைக்காது, பூச்சியும் கிடைக்காது. அதனால் பல பறவைகள் வெப்பமான கடற்கரைகளைத் தேடிப் பறந்து போகின்றன. அவை எங்கே போகின்றன என்று வாழ்நாள் முழுக்கத் தேடியவர் ஒருவர் இருந்தார். அவர்தான் சலீம் அலி.

அவர் 1896 ஆம் ஆண்டு நவம்பர் 12 ஆம் திகதி பம்பாயில் பிறந்தார். சின்ன வயதிலேயே அப்பாவும் அம்மாவும் இறந்துபோனார்கள். மாமாதான் அவரை வளர்த்தார். பத்து வயதளவில் ஒருநாள், காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். கீழே விழுந்த குருவியை எடுத்துப் பார்த்தால், அதன் தொண்டையில் மஞ்சள் நிறம்! இது என்ன குருவி? மாமாவுக்கும் தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போய்க் கேட்கும்படி அனுப்பிவிட்டார்.

அங்கே மில்லார்ட் என்ற ஆங்கிலேயர் இருந்தார். அது மஞ்சள்தொண்டைச் சிட்டு என்று சொல்லிக் கொடுத்தார். பாடம் செய்து வைத்திருந்த நூற்றுக்கணக்கான பறவைகளையும் காட்டினார். அன்றைக்குத்தான் சலீமின் வாழ்க்கை மாறியது.

வளர்ந்த பிறகு அருங்காட்சியகம் ஒன்றில் வேலை கிடைத்தது. பறவைகளைப் பற்றி இன்னும் கனக்கப் படிக்க வேண்டும் என்று 1928 இல் ஜெர்மனிக்குப் போனார். வடகடலில் ஹெல்கோலாந்து என்று ஒரு சின்னத் தீவு இருக்கிறது. அங்கே பறவைகளை வலையில் பிடித்து, காலில் எண் போட்ட ஒரு சிறிய வளையத்தை மாட்டிப் பறக்க விடுவார்கள். வேறொரு நாட்டில் யாராவது அந்த வளையத்தைக் கண்டால், பறவை போன வழி தெரிந்துவிடும். சலீம் அலி அந்த வேலையை வடிவாகப் பழகிக்கொண்டார்.

1930 இல் ஊருக்குத் திரும்பினார். ஆனால் பணம் இல்லை என்று அவருடைய வேலையை எடுத்துவிட்டார்கள்! இப்போது என்ன செய்வது? மனைவி தெஹ்மினாவோடு கிஹிம் என்ற கடற்கரைக் கிராமத்துக்குப் போனார். அங்கே ஒரு மரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. மாதக்கணக்கில் அவற்றையே பார்த்தார். ஆண்குருவி பாதிக் கூடு கட்டும். பெண்குருவி வந்து பார்க்கும். பிடித்தால்தான் உள்ளே போகும். பிறகு ஆண்குருவி அடுத்த கூட்டைக் கட்டத் தொடங்கும். இதைச் சலீம் அலி எழுதியபோது உலகமே அவரைக் கவனித்தது.

1939 இல் தெஹ்மினா இறந்துவிட்டார். அந்தக் கவலையிலும் அவர் வேலையை விடவில்லை. 1941 இல் இந்தியப் பறவைகளைப் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது.

தமிழ்நாட்டில் வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் கோடியக்கரை இருக்கிறது. கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணம். சைபீரியாவில் குளிர் தொடங்கினால், உங்கள் உள்ளங்கைக்குள் அடங்கும் உள்ளான்கள் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பறந்து அங்கே வந்து சேரும். பூநாரைகளும் கூட்டமாக நிற்கும். இந்த இடத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று சலீம் அலி வலியுறுத்தினார். 1967 இல் அது சரணாலயம் ஆனது. அவருடைய கழகத்தினர் அங்கேயும் பறவைகளுக்கு வளையம் மாட்டினார்கள்.

1976 இல் பெரிய பரிசு ஒன்று கிடைத்தது. 50,000 டொலர்! அந்தப் பணத்தை அவர் தனக்கு வைத்துக்கொள்ளவில்லை, கழகத்துக்கே கொடுத்தார்.

1987 இல், 90 வயதில், அவர் காலமானார். இறப்பதற்கு இரண்டு வருடங்களுக்கு முன் தன் வாழ்க்கைக் கதையை எழுதி முடித்திருந்தார். அந்தப் புத்தகத்துக்கு என்ன பெயர் வைத்தார், தெரியுமா? ஒரு சிட்டுக்குருவியின் வீழ்ச்சி. எந்தக் குருவி என்று உங்களுக்கே தெரியும்!

குளிர்கால விடுமுறையில் கடற்கரைக்குப் போனால், சத்தம் போடாமல் நின்று பாருங்கோ. பெயர் தெரியாத பறவை ஒன்றைக் கண்டால், அதன் நிறத்தையும் அலகையும் கொப்பியில் வரைந்து வந்து வகுப்பில் கேளுங்கோ. ஆசிரியருக்கும் தெரியாவிட்டால், எல்லோரும் சேர்ந்து தேடுவோம்.